பேட்மேனுக்கு ஏன் ஒரு பையன் தேவைப்பட்டான்?

1988 செப்டம்பர் 15, காலை 9 மணி. அமெரிக்காவில் இரண்டு தொலைபேசி எண்கள் திறந்துவிடப்பட்டன. ஒரு எண்ணுக்கு போன் போட்டால், அந்தப் பையன் பிழைக்கட்டும் என்று ஓட்டு. இன்னொரு எண்ணுக்குப் போட்டால், சாகட்டும் என்று ஓட்டு. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். மறுநாள் இரவு 8 மணிக்குக் கணக்கை மூடினார்கள். பிழைக்கட்டும் என்றவை 5,271. சாகட்டும் என்றவை 5,343. 72 ஓட்டு வித்தியாசத்தில் ஜேசன் டாட் செத்துப்போனான்.

ஜேசன் டாட்தான் அப்போதைய ராபின். பேட்மேனின் கூடவே கூரைக்குக் கூரை தாவும் பையன். கதைப்படி, ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கிவிட்டு, வெடிகுண்டு வைத்த கிடங்குக்குள் போட்டுவிட்டுப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. அதோடு ‘பேட்மேன்’ 427-வது இதழ் முடிந்துவிடும். மிச்சத்தை வாசகர்களே முடிவு செய்யட்டும் என்றார் ஆசிரியர் டென்னிஸ் ஓநீல். கதாசிரியர் ஜிம் ஸ்டார்லின். ஓவியர் ஜிம் அபாரோ. பையன் பிழைத்தால் ஒரு பக்கம், செத்தால் ஒரு பக்கம் என்று இரண்டையும் வரைந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 428-வது இதழில் அச்சேறியது, இடிபாடுகளுக்கு நடுவே பையனின் உடலைக் கைகளில் ஏந்திக்கொண்டு நிற்கும் பேட்மேனின் படம்.

இந்த எண்ணிக்கையை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காகிதத்தில் இருக்கும் பையன்தான். ஆனாலும் சாகடிக்கச் சொல்லி ஐயாயிரத்துச் சொச்சம் அழைப்புகள், அதுவும் கைக்காசைச் செலவழித்து. அவன் மேல் அப்படி என்ன கோபம்? இதற்கு விடை தேடிப் போனால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வியில் போய் நிற்போம். இருட்டில் தனியாகத் திரியும் ஒரு முகமூடிக்காரனுக்கு, சின்னப் பையன் ஒருவனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? எதற்காக?

பேசுவதற்கு ஓர் ஆள்

1938-ல் வந்த சூப்பர்மேன் விற்ற விற்பனையைப் பார்த்து, அதே மாதிரி இன்னொரு நாயகன் வேண்டும் என்று பதிப்பாளர்கள் கேட்ட காலம் அது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த பாப் கேன் என்ற 23 வயது ஓவியர், வார இறுதிக்குள் ஒருவனை உருவாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் முதலில் வரைந்தவனுக்குச் சிவப்பு நிறத்தில் இறுக்கமான உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பாக இரண்டு வௌவால் இறக்கைகள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் போனது நண்பர் பில் ஃபிங்கரிடம். ஃபிங்கருக்கு 25 வயது. செருப்புக் கடையில் விற்பனையாளர் வேலை, மனம் முழுக்க எழுத்து.

ஃபிங்கர் அகராதியைப் பிரித்து வௌவால் படத்தைக் காட்டினார். காது தெரிகிறதா, அதை முகமூடியில் வை என்றார். கண்ணின் கருமணியை எடுத்துவிடச் சொன்னார். வெள்ளையாக இருந்தால்தான் பயம் வரும். விறைத்த இறக்கைக்குப் பதிலாகக் காற்றில் விரியும் மேலங்கி. சிவப்புக்குப் பதிலாகச் சாம்பலும் கறுப்பும். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பணக்காரனுக்கு புரூஸ் வெய்ன் என்று பெயர் வைத்ததும், பின்னால் அவன் ஊருக்கு காதம் என்று பெயர் சூட்டியதும் அவர்தான். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு நகைக்கடைப் பெயரிலிருந்து அந்த ஊர்ப்பெயர் வந்தது. 1939 மே மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-வது இதழில் வெளியான முதல் பேட்மேன் கதையை எழுதியதும் ஃபிங்கரே. அட்டையிலோ உள்ளேயோ அவர் பெயர் கிடையாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த முதல் வருடத்துக் கதைகளை இன்று படிப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அந்த பேட்மேன் கொலை செய்கிறான். முதல் கதையிலேயே அவன் விட்ட குத்தில் ஒருவன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான், நாயகன் வருத்தப்படவில்லை. அடுத்தடுத்த கதைகளில் கையில் துப்பாக்கியும் வருகிறது. தமிழில் வேதாளரையும் இரும்புக்கை மாயாவியையும் படித்து வளர்ந்தவர்களுக்கு முகமூடி நாயகர்கள் புதிதில்லை. ஆனால் இவன் வேறு ரகம். சின்ன வயதில் கண்ணெதிரே அப்பாவும் அம்மாவும் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்தவன். வீட்டில் பேச யாரும் இல்லை. அவன் பேசாமலேயே இருந்தான்.

ஃபிங்கருக்கு அதுவே தொழில் சிக்கலாகிவிட்டது. காமிக்ஸில் ஒருவன் வாயைத் திறக்காவிட்டால் கதையை நகர்த்த முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவன் தலைக்கு மேல் ஒரு எண்ணக் குமிழியைப் போட்டு, அவன் நினைப்பதையெல்லாம் எழுதித் தீர்க்க வேண்டியிருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் இருப்பதைப் போல இவனுக்கும் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஃபிங்கர் உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். படிப்பவர்கள் சிறுவர்கள் என்பதால் அந்த ஆளும் ஒரு சிறுவனாகவே இருக்கட்டும் என்று கேனோடு பேசி முடிவானது.

பெயர் வைத்தது மூன்றாவது ஆள். ஜெர்ரி ராபின்சன். 1939 கோடைக்காலத்தில், ஒரு மலை வாசஸ்தலத்தில், தானே படம் வரைந்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆட வந்தவர். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கேன் அவரைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 17 வயது. புதுப் பையனுக்குப் பல பெயர்களை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ராபின் ஹூட் நினைவில் ராபின் என்ற பெயரைச் சொன்னவர் அவர். உடையின் அமைப்பும் அந்தப் பழைய ராபின் ஹூட் படங்களிலிருந்து வந்ததுதான். பேட்மேனுக்கு இளம் கூட்டாளி வந்த அதே நேரத்தில், பேட்மேனை வரைகிறவர் பக்கத்திலும் ஓர் இளம் கூட்டாளி உட்கார்ந்திருந்தார். இந்த ஒற்றுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

1940 ஏப்ரல், ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 38. அந்தக் கதையை இன்னும் யாராலும் மிஞ்ச முடியவில்லை என்பது என் எண்ணம்.

ஊருக்கு ஒரு சர்க்கஸ் வருகிறது. கிரேசன் குடும்பம் அந்தரத்தில் பார் விளையாடுகிறவர்கள்: அப்பா, அம்மா, பையன் டிக். ஸுக்கோ என்கிற ரவுடித் தலைவனின் ஆட்கள் சர்க்கஸ் முதலாளியிடம் மாமூல் கேட்கிறார்கள். அவர் தர மறுக்கிறார். அன்றைய ஆட்டத்தில் ஊஞ்சல் கயிறு அறுந்து அப்பாவும் அம்மாவும் விழுந்து சாகிறார்கள். கயிற்றில் அமிலம் தடவியிருந்தது பையனுக்குத் தெரியவருகிறது. அவன் போலீஸுக்கு ஓடக் கிளம்பும்போது இருட்டிலிருந்து ஒரு கை தடுக்கிறது. இந்த ஊர் போலீஸ் ஸுக்கோவின் கைக்குள் இருக்கிறது, நீ போனால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்கிறான் பேட்மேன்.

பிறகு ஒரு மெழுகுவத்தி. அதன் முன்னால் இரண்டு பேரும் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அதற்கடுத்துப் பல மாதப் பயிற்சி. அது முடிந்ததும் பேட்மேன் பையனை நேராகச் சண்டைக்கு அனுப்புவதில்லை; பேப்பர் போடும் பையனாகத் தெருவில் இறக்கிவிடுகிறான். டிக் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, ஸுக்கோவின் மாமூல் வலை எங்கெங்கே விரிந்திருக்கிறது என்று துப்புக் கொண்டுவருகிறான். கடைசிக் காட்சி, பாதி கட்டி நிற்கும் ஒரு கட்டடத்தின் உச்சியில். தன்னைக் காட்டிக்கொடுத்த அடியாளை ஸுக்கோ கீழே தள்ளிக் கொல்கிறான். பக்கத்திலேயே நிற்கிறான், பெற்றோரைப் பறிகொடுத்த பையன். அவனுக்குப் பதிலுக்குத் தள்ளிவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அவன் கையில் ஒரு கேமரா இருக்கிறது. படம் எடுக்கிறான். அந்தப் புகைப்படம் சாட்சியாகிறது. ஸுக்கோ சட்டத்தின் கையில் சிக்குகிறான்.

புரூஸ் வெய்னுக்குச் சின்ன வயதில் கிடைக்காத ஒன்று டிக்குக்குக் கிடைத்துவிட்டது: துயரத்தின் முதல் நாளிலேயே பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரியவர்.

விற்பனை ஏறத்தாழ இரட்டிப்பானது. காதம் நகரத்துக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வந்தன. சிலேடையும் சிரிப்பும் வந்தன. அடுத்த ஓராண்டு ஈராண்டுக்குள் மற்ற நாயகர்களுக்கும் பையன்கள் முளைத்தார்கள். கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி. அந்த வரிசைக்கெல்லாம் தொடக்கம் இந்த மெழுகுவத்திதான்.

அதே 1940 வசந்தத்தில் ‘பேட்மேன்’ என்ற தனி இதழின் முதல் எண் வந்தது. ஜோக்கரும் கேட்வுமனும் முதலில் தலைகாட்டியது அதில். ராபின்சன் கொண்டுவந்த சீட்டுக்கட்டு ஜோக்கர் அட்டையும், ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ என்ற 1928-ம் ஆண்டுப் படத்தில் நடிகர் கான்ராட் வெய்ட்டின் சிரிப்பு முகத்தைக் காட்டும் புகைப்படமும் (அதைக் கொண்டுவந்தவர் ஃபிங்கர்) சேர்ந்து உருவானவன் ஜோக்கர். யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேனும் ராபின்சனும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த இதழிலேயே ஜோக்கர் செத்துவிடுவதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்து, அவன் பிழைத்துக்கொண்டதாக ஒரு கட்டத்தைக் கடைசியில் சேர்க்கச் சொன்னார். அதே இதழில் பேட்மேன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடும் காட்சியைப் பார்த்துவிட்டு, இனிமேல் இவன் யாரையும் இப்படிக் கொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவரும் அவரே.

உத்தரவு அலுவலகத்தில் பிறந்தது. கதைக்குள் அதற்கு உயிர் கொடுத்தவன் ராபின் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் பெரிய மனிதனின் கை தானாகத் தயங்கும். வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். வில்லன்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முகத்தின் ஒரு பாதி அமிலத்தில் வெந்துபோன டூ-ஃபேஸ், 1942-ல் வந்தவன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவெடுப்பான். 1948-ல் வந்த ரிட்லருக்கு, விடுகதை போட்டுத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்காமல் திருடத் தெரியாது. எல்லாருமே ஒரே ஒரு காயத்தையோ ஒரே ஒரு வெறியையோ வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றுகிறவர்கள். புரூஸ் வெய்னும் அப்படிச் சுற்றத் தொடங்கியவன்தான். அந்த வரிசைக்குள் போய் நிற்காமல் அவனைப் பிடித்து இழுத்து வைத்திருந்தது, ராத்திரி வீடு திரும்பினால் தூங்கவைக்க ஒரு பையன் இருந்ததுதான்.

பையன் வளர்ந்துவிட்டால்?

அந்தப் பையன் மேல் சந்தேகமும் விழுந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் 1954-ல் எழுதிய புத்தகம், ஒரே வீட்டில் வாழும் பேட்மேனும் ராபினும் சிறுவர்களை ஓரினச்சேர்க்கைக்கு இழுக்கிறார்கள் என்று குற்றம்சாட்டியது. அதே ஆண்டு காமிக்ஸைப் பற்றி அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை. அதைத் தொடர்ந்து, பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள். வெர்தம் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மருத்துவமனை நடத்தியவர். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்த கரோல் டில்லி, சிறுவர்கள் சொன்னதை வெர்தம் தன் வாதத்துக்கு ஏற்றபடி மாற்றியிருந்ததை 2012-ல் வெளிப்படுத்தினார். இத்தனைக்குப் பிறகும், ஆடம் வெஸ்ட், பர்ட் வார்ட் நடித்து 1966-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 120 பகுதிகள் ஓடியது. உலகம் முழுக்க இந்த ஜோடியைத் தெரியவைத்தது அது.

டிக் வளர்ந்தான். 1969-ல் கல்லூரிக்குப் போனான். 1984-ல் ராபின் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு நைட்விங் என்ற தனி நாயகன் ஆனான். காமிக்ஸ் உலகில் இது அபூர்வம்; அங்கே யாருக்கும் வயதாவதில்லை.

அவன் விட்டுப்போன உடையில் வந்து நின்றவன் ஜேசன் டாட். 1983-ல் முதலில் வந்தபோது இவனும் சர்க்கஸ் பையன், இவன் பெற்றோரும் பார் விளையாடுகிறவர்கள். அச்சு அசலாக டிக்கின் நகல். 1987-ல் அதை அழித்துவிட்டுப் புதுக் கதை எழுதினார்கள். புரூஸின் பெற்றோர் கொல்லப்பட்ட அதே சந்தில் பேட்மேனின் கார் நிற்கிறது. திரும்பி வந்து பார்த்தால் டயர் இல்லை. கழற்றிக்கொண்டு போனவன் ஒரு தெருப்பையன். அவன்தான் ஜேசன்.

இந்த ஜேசனைத்தான் வாசகர்களுக்குப் பிடிக்காமல் போயிற்று. கோபக்காரன், சொன்ன பேச்சைக் கேட்காதவன். 1988-ல் வந்த ஒரு கதையில், சட்டத்துக்குத் தப்பிய ஒரு கொடியவன் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். தள்ளினானா, தானாக விழுந்தானா என்று பேட்மேன் கேட்கும் கேள்விக்கு ஜேசன் தெளிவான பதில் தரவில்லை. டிக் கையில் கேமரா இருந்த அதே இடத்தில் இவன் கை காலியாக இருந்தது. சில மாதங்களில் போன் ஓட்டு வந்துவிட்டது.

டிக் நல்ல வீட்டுப் பிள்ளை. அன்பில் வளர்ந்து, அன்பை இழந்தவன். ஜேசனுக்கு இழக்கவே ஒன்றும் இருந்ததில்லை. அவனைப் போன்ற பிள்ளைகள் நாம் எதிர்பார்க்கிறபடி நன்றியோடு நடந்துகொள்வதில்லை. அந்த 5,343 அழைப்புகளில் பலவற்றை ஒரே ஆள் கம்ப்யூட்டரை வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டதாகத் தனக்குத் தகவல் வந்தது என்று ஓநீல் பின்னாளில் சொன்னார். அது உண்மையோ இல்லையோ, மறுபக்கம் 5,271 அழைப்புகள் வந்ததும் உண்மை. எனக்கு அந்த எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

2005-ல் ஜேசன் திரும்பி வந்தான், ரெட் ஹூட் என்ற முகமூடியில். அது ஒரு காலத்தில் ஜோக்கர் போட்டிருந்த முகமூடி. 1951-ல் அந்தக் கதையை எழுதியவர் ஃபிங்கர். ஜேசன் பேட்மேனிடம், தன்னை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கவில்லை; அதை மன்னித்துவிட்டான். ஜோக்கர் இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அவனது வழக்கு. பிள்ளை கேட்கிற அந்தக் கேள்விக்குத் தகப்பனிடம் இருக்கும் எந்த நியாயமும் போதாது.

ஜேசன் செத்த மறுவருடம், 1989-ல், டிம் டிரேக் வந்தான். மார்வ் வுல்ஃப்மேன் எழுதிய கதை. சின்ன வயதில் அந்த சர்க்கஸில் டிக் கிரேசன் போட்ட நான்கு குட்டிக்கரணத்தைப் பார்த்தவன் டிம். பின்பு தொலைக்காட்சிச் செய்தியில் ராபின் அதே நான்கு கரணம் போடுவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவரே என்று கண்டுபிடிக்கிறான். அப்படியே பேட்மேன் யார் என்றும் தெரிந்துகொள்கிறான். ஜேசன் போன பிறகு பேட்மேன் அளவு மீறி அடிப்பதையும், தன் உடம்பைப் பற்றிய கவலையே இல்லாமல் சண்டையில் விழுவதையும் கவனிக்கிறான். நைட்விங்கைத் தேடிப் போய், மறுபடி ராபினாக வந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். அவருக்கு ராபின் வேண்டும் என்பது அவன் வாதம். வேறு வழியில்லாமல்தான் அந்த உடையை அவனே போட்டுக்கொள்கிறான். முதல் இரண்டு பையன்களையும் பேட்மேன் காப்பாற்ற வந்தான். மூன்றாவது பையன் பேட்மேனைக் காப்பாற்ற வந்தான்.

பெயரில்லாத கூட்டாளி

1940-ல் ஃபிங்கர் கண்டுபிடித்ததும் இதைத்தான். தனியாக இருக்கிறவனுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். அதை எழுதியவர் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதுதான் கொடுமை.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் பாப் கேன் மட்டும். நெடுங்காலம் கதைகளில் அவர் பெயர் மட்டுமே அச்சானது, மற்றவர்கள் வரைந்தபோதும். ஃபிங்கர் 25 ஆண்டுகள் பேட்மேன் கதைகளை எழுதினார். கண்ணில் படும் விசித்திரத் தகவல்களையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்து, அவற்றைச் சுற்றிக் கதை பின்னுவார். ராட்சத டைப்ரைட்டர் மேல் நாயகனும் வில்லனும் மோதும் காட்சிகள் அப்படி வந்தவை. குறித்த நேரத்துக்கு எழுதித் தர மாட்டார் என்ற கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. கையில் காசு நின்றதில்லை. 1965-ல் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற காமிக்ஸ் ஆர்வலர் ஃபிங்கரின் பங்கை வெளியே எழுதியபோது, கேன் அதை மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தொலைக்காட்சித் தொடரின் இரண்டு பகுதிக் கதை ஒன்றுக்கு மட்டும் எழுத்தாளர் என்று ஃபிங்கர் பெயர் திரையில் வந்தது. 1974 ஜனவரியில், 59 வயதில், நியூயார்க்கில் தன் வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். மகன் ஃபிரெட் அஸ்தியை ஓரிகான் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஈர மணலில் வௌவால் உருவத்தில் பரப்பினார். அலை வந்து எடுத்துக்கொண்டது. 1989-ல் எழுதிய சுயசரிதையில், ஃபிங்கருக்கு உரிய பெயரைத் தந்திருக்க வேண்டும் என்று கேன் வருந்தினார். வருந்தினாரே தவிர ஒப்பந்தம் மாறவில்லை.

பென்சிலோடு உட்கார்ந்திருந்த அந்த 17 வயதுப் பையன் ராபின்சன் மறக்கவில்லை. 1975-ல் சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷூஸ்டரும் வறுமையில் இருந்தபோது, ஓவியர் நீல் ஆடம்ஸோடு சேர்ந்து அவர்களுக்காகப் போராடி, ஓய்வூதியமும் பெயரும் வாங்கித்தந்தவர்களில் ராபின்சன் முக்கியமானவர். 2005-ல், அங்கீகாரம் கிடைக்காத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கென்று ஒரு விருது தொடங்க வழிசெய்தார். அதற்கு பில் ஃபிங்கர் விருது என்று பெயர்.

எழுத்தாளர் மார்க் டைலர் நோபில்மேன் பல ஆண்டுகள் தேடி, ஃபிங்கருக்கு ஒரு பேத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் பேத்தி ஆதீனா ஃபிங்கர் உரிமை கேட்டார். 2015 செப்டம்பரில், பேட்மேனைப் பதிப்பிக்கும் டிசி நிறுவனம் ஒத்துக்கொண்டது. பேட்மேன் பிறந்து 76 ஆண்டுகளுக்குப் பின், ‘பாப் கேன், பில் ஃபிங்கருடன் உருவாக்கியது’ என்று எழுத்து மாறியது.

பிராங்க்ஸில் எட்கர் ஆலன் போ வாழ்ந்த சின்ன வீடு ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. கேனும் ஃபிங்கரும் அங்கேதான் உட்கார்ந்து கதை பேசுவார்கள். 2017 டிசம்பரில் அந்தப் பூங்காவை ஒட்டிய தெருமுனையில் ஒரு பச்சைப் பெயர்ப்பலகை ஏறியது: பில் ஃபிங்கர் வே.